பள்ளிப் பிள்ளைகள் பாடிய பாரதி பாட்டுக்கு காப்பிரைட் க்ளெய்ம்: வீடியோவை எடுத்துவிடச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

தாமிரபரணிக் கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் நெல்லைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் பாட்டு டீச்சர். டிசம்பர் 11, பாரதியார் பிறந்தநாளுக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் 'சின்னஞ்சிறு கிளியே' பாடினார்கள். எல்லோருக்கும் தெரிந்த அதே மெட்டுதான், காபியில் தொடங்கி ராகமாலிகையாகப் போவது. ஆர்மோனியம் நான், மிருதங்கம் ஒன்பதாம் வகுப்புப் பையன்.

மூன்று வாரம் ஒத்திகை. ராகம் மாறுகிற இடத்தில் தினமும் தடுமாறினார்கள். கடைசியில் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வட்டமாக நிற்கவைத்து, ஒருத்தி கையில் இன்னொருத்தி தாளம் தட்டச் சொன்னேன். அன்றைக்குத்தான் பிடிபட்டது.

வீடியோவைப் பள்ளியின் யூடியூப் சானலில் போட்டோம். மறுநாள் காலையில் மெயில். ஓர் இசை நிறுவனம் (பெயர் வேண்டாம்) 0:21இலிருந்து 4:05 வரை பாட்டு தங்களுடையது என்று க்ளெய்ம் போட்டிருக்கிறது. இப்போது பிள்ளைகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஏதோ கடன் ஆப் விளம்பரம் ஓடுகிறது.

எங்கள் ஹெச்.எம். நல்லவர், ஆனால் பயந்துவிட்டார். "எடுத்துருங்க டீச்சர், பள்ளிக்கூடத்து மேல கேஸ்னு வந்தா யார் பதில் சொல்றது?" என்கிறார். பாரதியார் பாட்டு நாட்டுடைமை என்றுதானே நாமெல்லாம் படித்தோம்? அப்புறம் இது எப்படி? எடுத்துவிடுவதா, எதிர்த்து எழுதுவதா?

மிக்ஸர் அறை

டீச்சர், முதலில் ஹெச்.எம்.மிடம் ஒன்றைச் சொல்லுங்கள். க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. உங்களுக்கு வந்திருப்பது க்ளெய்ம். அதாவது வீடியோ இருக்கட்டும், விளம்பரக் காசு எங்களுக்கு வரட்டும் என்று அர்த்தம். சானலுக்கு ஆபத்து ஸ்ட்ரைக்கில்தான், அதாவது உரிமைக்காரர் புகார் செய்து வீடியோவையே தூக்கவைக்கும்போது சானல் மீது விழும் எச்சரிக்கையில்தான். 90 நாளைக்குள் மூன்று வாங்கினால் சானலே போய்விடும். நீங்கள் அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

இரண்டாவது, இதை ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நான் பதினைந்து வருஷமாக ரெக்கார்டிங் வேலையில் இருக்கிறேன். நிறுவனங்கள் தங்கள் ஆல்பம் மொத்தத்தையும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் ஏற்றிவிடும். யார் எதை அப்லோட் செய்தாலும் எந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒலிப்பதிவை மட்டுமல்ல, மெட்டையும் ஒப்பிடும். உங்கள் பிள்ளைகள் சரியாகப் பாடியதால்தான் மாட்டினார்கள்! சுருதி விலகியிருந்தால் எந்திரத்துக்குத் தெரிந்திருக்காது.

ஒரு பாட்டுக்குள் மூன்று சொத்து இருக்கிறது. வரி ஒன்று, மெட்டு ஒன்று, பதிவு ஒன்று. அந்த நிறுவனத்திடம் யாரோ ஒரு பாடகர் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பாடிய ஆல்பம் இருக்கும். அந்தப் பதிவு அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்றும்போது மெட்டையும் சேர்த்துத் தங்கள் பெயரில் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

டிஸ்ப்யூட் போடுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் 'பொதுவுடைமை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். பதில் சொல்லாவிட்டால் க்ளெய்ம் தானாக விழுந்துவிடும்.

வெயில்

எடுக்காதீங்க டீச்சர். ஆறு பிள்ளைகள் மூணு வாரம் பாடினதுக்கு ஒரு மெயில்ல பதில் சொல்ல முடியலைன்னா எப்படி?

பழைய புத்தகக் கடை

டீச்சர், பாரதி பாட்டுக்கு இது முதல் தடவை இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்தக் கதையைச் சுருக்கிச் சொல்ல வராது.

அந்தப் பாட்டுகள் இரண்டு தடவை பூட்டப்பட்டன. முதல் பூட்டு 1928இல், கவிஞர் இறந்து ஏழு வருஷம் கழித்து. பர்மா அரசு தடை செய்தது, சென்னை மாகாண அரசும் பின்னாலேயே தடை போட்டது. போலீஸ் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துப் பேசினார். காரணம் ராஜத்துரோகம். பாட்டைத் தமிழ்நாடே பாடிக்கொண்டிருந்தது, புத்தகம் மட்டும் குற்றவாளியாகிவிட்டது.

இரண்டாவது பூட்டு காப்புரிமை. பிரசுர உரிமை பாரதியின் தம்பி (மாற்றாந்தாய் மகன்) விஸ்வநாதனிடம் போனது. இசைத்தட்டு உரிமை தனியாக விற்கப்பட்டு, வெளியார் ஒருவரிடமிருந்து ஏவி.எம். பட நிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாட்டுகள் எப்படி ஓடின என்று பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' எடுத்தார்கள். அதில் 'தூண்டிற் புழுவினைப்போல்' வந்தது. உரிமை எங்களுடையது என்று ஏவி.எம். தரப்பு ஆட்சேபித்தது.

சுதந்திரம் வந்த மறு வருஷம்! சுதந்திரத்தைப் பாடிய கவிஞனின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் கொதித்துப் போனார். பாரதியின் எழுத்தைப் பொதுவாக்க வேண்டும் என்று எழுத்தாளர்கள் இயக்கமாகவே இறங்கினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு 1949 மார்ச்சில் சட்டசபையில் அறிவித்தது: உரிமையை அரசே வாங்கிக்கொள்ளும். மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் மனைவி செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய். 1955இல் அரசு தன்னிடமிருந்த உரிமையையும் மக்களுக்கே விட்டுவிட்டது.

சட்டம் தன் போக்கில் போயிருந்தால் அன்றைய கணக்கில் இறப்புக்குப் பின் 50 வருஷம், அதாவது 1971 முடியும்வரை காத்திருந்திருக்க வேண்டும். வங்காளத்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். தாகூர் 1941இல் இறந்தார். 1991 முடிவில் அவர் எழுத்து பொதுவாக வேண்டியது. உரிமை அவர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. காலம் முடிகிற நேரத்தில் சட்டத்தையே திருத்தி 50ஐ 60 ஆக்கினார்கள். இன்றைக்கு இந்தியாவில் எல்லா எழுத்தாளருக்கும் 60 வருஷம் என்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆகவே அந்த ஆறு பிள்ளைகளும் பாடிய வரி யாரோ போராடி, யாரோ விட்டுக்கொடுத்து, அரசு காசு கொடுத்து வாங்கிப் பொதுவில் வைத்தது. அதை ஓர் எந்திரம் 'எங்களுடையது' என்கிறது. எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

மெட்டுக்காரன்

மேலே உள்ளவரின் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த இழை 'காப்புரிமை என்றாலே கொள்ளை' என்று போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் பாட்டு எழுதிப் பிழைக்கிறவன். முதல் வாய்ப்பு ஒரு விளம்பரப் பாட்டு. 3,000 ரூபாய் கையில் கொடுத்து, நான்கு பக்கம் ஒப்பந்தம் நீட்டினார்கள். டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டேன். அந்த நிறுவனம் அதை ஐந்து வருஷம் ரேடியோவில் ஓட்டியது. ஆட்டோவில் போகும்போது என் வரியைக் கேட்டுக்கொண்டே மீட்டரைப் பார்த்துப் பயந்த நாள் உண்டு.

சினிமாவில் இது சட்டமாகவே இருந்தது. 1977இல் உச்ச நீதிமன்றம், காசு கொடுத்துப் பாட்டு வாங்கிய தயாரிப்பாளர்தான் முதல் உரிமையாளர் என்றது. அதற்குப் பின் முப்பத்தைந்து வருஷம் பாட்டெழுதியவனும் மெட்டுப் போட்டவனும் கூலிக்காரர்கள்தான். 2012 திருத்தம் வந்த பிறகுதான், தியேட்டருக்கு வெளியே பாட்டு ஓடும்போது வரும் ராயல்டியில் எங்களுக்குச் சம பங்கு, அதை எழுதி வாங்கினாலும் செல்லாது என்று ஆனது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் நாடாளுமன்றத்திலேயே நின்று அதற்காகப் பேசினார்.

தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று இளையராஜா 2017இல் நோட்டீஸ் அனுப்பியபோது ஊரே அவரைத் திட்டியது. பாட்டு மக்களுக்குச் சொந்தமில்லையா என்றார்கள். மேடைக்கு டிக்கெட் விற்றவர் காசு வாங்கினார், ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுத்தவர் வாங்கினார், மண்டபத்துக்காரர் வாங்கினார். மெட்டுப் போட்டவர் கேட்டால் மட்டும் பேராசையா? பாரதி குடும்பத்துக்குக் கடைசியில் கிடைத்தது தலா 5,000 ரூபாய். அதையும் சேர்த்துத்தான் நாம் கொண்டாட வேண்டியிருக்கிறது.

டீச்சர், உங்கள் பாட்டு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். தன்னுடையது இல்லாததைத் தன்னுடையது என்று சொல்கிறவர்களால்தான், தன்னுடையதை நிஜமாகக் கேட்கிறவனுக்கும் கெட்ட பெயர்.

பழைய புத்தகக் கடை

@மெட்டுக்காரன், ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. செல்லம்மா உரிமையை விற்றது வறுமையில். அன்றைக்கு ஒழுங்காக ராயல்டி வந்திருந்தால் கதையே வேறு. நாட்டுடைமை என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கும், ஆனால் அது பசிக்கு மருந்து ஆகாது.

காவிரிக் கரை வக்கீல்

நான் கீழ் நீதிமன்றத்தில் பிராக்டீஸ் செய்பவன், காப்புரிமை நிபுணன் இல்லை. ஆனாலும் டீச்சர் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் நேரான பதில் இருக்கிறது.

வரி: பாரதி, 1921இல் மறைவு. கேள்வியே இல்லை.

மெட்டு: நாம் எல்லோரும் பாடுவது 1951இல் வந்த 'மணமகள்' படத்து மெட்டு. எம்.எல். வசந்தகுமாரி பாடியது, இசை சி.ஆர். சுப்பராமன். அவர் 1952இல் இறந்துவிட்டார். 60 வருஷம் கூட்டினால் 2012 முடிவோடு முடிந்தது. அந்தப் பழைய ஒலிப்பதிவுக்கும் வெளியான வருஷத்திலிருந்து 60 என்று கணக்கிட்டால் 2011 முடிவு. ஆக, இந்தியாவில் மூன்றுமே பொது. க்ளெய்ம் எந்தெந்த நாட்டுக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா போன்ற இடங்களில் காலக்கணக்கு வேறு, நீளம்.

பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டும் இருக்கும்போது எதைப் பாடினாலும் நடித்தாலும் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு காப்பாற்றும். கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அந்தப் பிரிவில் இடம் உண்டு. ஆனால் யூடியூப்பில் போட்டுவிட்டால் அது பள்ளிக்கூட நிகழ்ச்சி என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. உங்கள் விஷயத்தில் பாட்டே பொது என்பதால் கவலையில்லை. ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடும் சினிமாப் பாட்டு டான்ஸை அப்லோட் செய்தால்தான் நிஜமான சிக்கல்.

ஹெச்.எம். பயப்படுவது 63ஆம் பிரிவுக்காக இருக்கலாம். ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் தெரிந்தே மீறியவருக்குத்தான் அது. யாரும் சொல்லாத 60ஆம் பிரிவையும் அவரிடம் காட்டுங்கள். ஆதாரமில்லாமல் காப்புரிமை வழக்கு போடுவேன் என்று மிரட்டுகிறவர் மீது நாமே வழக்குப் போடலாம், தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். ஒரு பள்ளிக்கூடம் அதுவரை போக வேண்டியதில்லை. அப்படி ஒரு பிரிவு இருப்பது தெரிந்தால் தைரியமாகப் பேசலாம், அவ்வளவுதான்.

உதவி டைரக்டர்

சந்தடி சாக்கில் என் கேள்வி. என் ஒன்லைனை (ஒரு வரிக் கதைக் கருவை) சொன்ன இடத்திலேயே அது படமாக வந்துவிட்டது. கேஸ் போடலாமா?

காவிரிக் கரை வக்கீல்

@உதவி டைரக்டர், ஒன்லைனுக்குக் காப்புரிமை கிடையாது தம்பி. 1978இல் ஒரு நாடகத்துக்கும் இந்திப் படத்துக்குமான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கருத்து யாருக்கும் சொந்தமில்லை, அதை எழுதிய விதம்தான் சொந்தம். காட்சி காட்சியாக எழுதி, எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வையுங்கள். கடை வாசலில் சொல்லாதீர்கள். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

தாமிரபரணிக் கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு டிஸ்ப்யூட் போட்டுவிட்டேன். மிக்ஸர் அறை சாரும் வக்கீல் சாரும் சொன்னதை வைத்து நான்கே வரி எழுதினேன்: வரிகளை எழுதியவர் சுப்பிரமணிய பாரதி, மறைவு 1921. இசை சி.ஆர். சுப்பராமன், மறைவு 1952. பாடியதும் வாசித்ததும் எங்கள் பள்ளி மாணவர்களும் ஆசிரியையும். வேறு எவருடைய ஒலிப்பதிவும் இதில் பயன்படுத்தப்படவில்லை.

சக டீச்சர் ஒருவர், "நீங்களே வேற மெட்டுப் போட்டுப் பாட வெச்சிருக்கலாமே, வம்பே வந்திருக்காதே" என்றார். போடலாம்தான். ஆனால் இந்த மெட்டில்தான் எங்கள் ஆச்சி என்னைத் தூங்கவைத்தார். அந்தப் பிள்ளைகளின் ஆச்சிகளும் அதில்தான் பாடியிருப்பார்கள். எந்திரம் சொல்லிவிட்டது என்பதற்காக ஏன் விட வேண்டும்?

ஆனால் இன்றைக்கு இன்னொன்று ஆகிவிட்டது. பிப்ரவரியில் ஆண்டு விழா. தமிழ் ஐயாவும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து பதினைந்து நிமிஷ நாடகம் ஒன்று எழுதியிருந்தார்கள். ஒரு டீக்கடை, இரண்டு விதமான டம்ளர், அவ்வளவுதான் கதை. எந்த ஊர் பெயரும், எந்தச் சாதிப் பெயரும் கிடையாது. பெற்றோர் குழுவில் ஒருவர், "இதெல்லாம் எதுக்கு, ஊர்ல பிரச்சினையாகும்" என்றார். ஹெச்.எம். ஏற்கெனவே பயந்திருந்தார் அல்லவா. "முதல்ல பாட்டு, இப்ப நாடகம். ஒண்ணும் வேண்டாம், டான்ஸ் மட்டும் போதும்" என்று முடித்துவிட்டார்.

வக்கீல் சார் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. நிஜமாகவே பிறர் உரிமையில் உள்ள சினிமாப் பாட்டுக்கு ஆடலாம், அதை யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் சொந்தமான பாட்டும், பிள்ளைகள் சொந்தமாக எழுதிய நாடகமும்தான் ஆபத்தாகத் தெரிகிறது.

கொட்டகை

டீச்சர், நான் முப்பது வருஷமாக வீதி நாடகம் போடுகிறவன். இது எனக்குப் பழகிய வாசல்.

நாடகத்துக்கென்றே நம்மூரில் ஒரு சட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் 1876இல் கொண்டுவந்தது ஒன்று. நாமே 1954இல் கொண்டுவந்தது இன்னொன்று. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைத் தடுக்கத்தான் அது வந்தது என்று எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். நாடகப் பிரதியைப் போலீஸிடம் காட்டு, அவர்கள் படித்துப் பார்த்து விட்டால்தான் மேடை. அந்த 1954 சட்டம் செல்லாது என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி போட்ட வழக்கு அது. தீர்ப்பு வந்த அன்று நாங்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்ததைச் சொல்கிறேன். ஊர், ஸ்டேஷன் பெயர் வேண்டாம். கோயில் பக்கத்து மைதானத்தில் நாடகம். பாதியில் நான்கு பேர் வந்து சத்தம் போட்டார்கள். எங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அங்கே யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். "எதுக்குங்க வம்பு, இனிமே இந்த ஊர்ல போடமாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்கள். கோடு போட்ட பேப்பர். பேனாவும் அவர்களே தந்தார்கள். நான் எழுதினேன். எங்கள் குழுவில் பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதற்கப்புறம் நாடகத்துக்கு வரவில்லை. சட்டம் செத்துவிட்டது, ஆனால் அந்தப் பேப்பர் இன்னும் உயிரோடு இருக்கிறது.

காவிரிக் கரை வக்கீல்

கொட்டகை அண்ணன் சொன்ன அந்தப் பேப்பர்தான் விஷயமே.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கை எல்லோரும் கருத்துரிமை வழக்காகப் பேசுகிறோம். அதன் நடுவில் இருப்பது ஒரு பேப்பர். 2015 ஜனவரி 12, நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் சமாதானப் பேச்சு வார்த்தை. பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்பு என்று கையெழுத்துப் போட்டார். அது நீதிமன்ற உத்தரவு இல்லை. அரசாணையும் இல்லை. புத்தகத்தை யாரும் தடை செய்யவும் இல்லை. ஆனால் அடுத்து அவர் வெளியிட்ட அறிவிப்பு, எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்பது. ஒன்றரை வருஷம் கழித்து, 2016 ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தச் சமாதானப் பேப்பர் யாரையும் கட்டுப்படுத்தாது, பிடிக்காதவர் புத்தகத்தைப் படிக்காமல் விடலாம், எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்றது.

அதற்கு முன்பே 1989இல் உச்ச நீதிமன்றம் 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் சொன்னதும் இதுதான். கலவரம் வரும் என்று யாரோ மிரட்டினால், மிரட்டுகிறவரை அடக்குவது அரசின் வேலை, பேசுகிறவரை அடக்குவது அல்ல. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கையை விரிக்க முடியாது.

அரசியல் சாசனத்தின் 19(2) பேச்சுரிமைக்கு எல்லை போடுவது உண்மை. பொது ஒழுங்கு, அவதூறு, ஒழுக்கம் என்று எண்ணி எழுதப்பட்ட காரணங்கள் அதில் இருக்கின்றன. 'பெற்றோர் குழுவில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை' என்பது அதில் இல்லை. 1928இல் பாரதி புத்தகத்தைப் பறிக்க உதவிய 99ஏ பிரிவு இன்றைக்கும் வேறு எண்ணில் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்த அரசு காரணம் சொல்லி எழுத்தில் உத்தரவு போட வேண்டும், அதை எதிர்த்து நாம் உயர் நீதிமன்றம் போகலாம். காரணமும் இல்லாமல், உத்தரவும் இல்லாமல், நம்மையே எழுதிக் கொடுக்கவைப்பதுதான் மோசம். மேல்முறையீடு செய்யக்கூட அங்கே ஒன்றும் இருக்காது.

டீச்சர், இரண்டு சொல்கிறேன். ஆட்சேபிப்பவர் எதை ஆட்சேபிக்கிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களும் தமிழ் ஐயாவும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அச்சுக்கோப்பு

நான் சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். வக்கீல் சொன்னதோடு எனக்கு ஒரு அனுபவம் சேர்க்க இருக்கிறது. 2015க்குப் பிறகு எங்களுக்கு வரும் நாவல் கையெழுத்துப் பிரதிகளில் ஊர்ப் பெயர்கள் குறைந்துவிட்டன. 'அந்த ஊர்', 'மலையடிவாரத்துக் கிராமம்' என்று வருகிறது. ஒரு தம்பியிடம் கேட்டேன். "ஊர் பேர் போட்டா எவனாவது வருவான் சார்" என்றார். நல்ல நாவல்தான், ஆனால் அந்த ஊரின் கிணறும் கோயிலும் சந்தையும் பெயர் இழந்து நிற்கின்றன. இதை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? வழக்குக்கு வருவதற்கு முன்பே எழுத்தாளர் தன் கையாலேயே அடித்துவிட்டார்.

நாட்டுடைமை பற்றியும் ஒன்று. பாரதிக்கு அப்புறம் தமிழக அரசு நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எழுத்தை நாட்டுடைமையாக்கிவிட்டது. கல்கிகூட அந்த வரிசையில்தான். அதனால்தான் 'பொன்னியின் செல்வன்' எந்தக் கடையிலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. பெரிய நன்மை, சந்தேகமில்லை. ஆனால் சமீபத்தில் நான் வாங்கிய ஒரு பதிப்பில் ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியையே காணவில்லை. பக்கத்தைக் குறைக்க வெட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் பெயர் மட்டும் அட்டையில் பெரிதாக இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு இதற்குத்தான். உரிமை யாரிடம் போனாலும், காலமே முடிந்தாலும், படைப்பைச் சிதைத்தால் தட்டிக் கேட்கும் உரிமை எழுதியவருக்கும் வாரிசுக்கும் உண்டு. டெல்லியில் விஞ்ஞான் பவனின் சுவரில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சிற்பத்தை அரசே பெயர்த்துப் போட்டபோது, இந்தப் பிரிவில்தான் அவர் 2005இல் ஜெயித்தார். சிற்பத்தைத் திருப்பிக் கொடு, ஐந்து லட்சம் நஷ்டஈடும் கொடு என்று தீர்ப்பானது. நம்மூரில் எந்த வாரிசும் ஒரு பத்திக்காகக் கோர்ட் ஏறியதாக எனக்குத் தெரியவில்லை.

மிக்ஸர் அறை

டீச்சர், என்ன ஆயிற்று?

தாமிரபரணிக் கரை

மன்னிக்கவும், ஆண்டு விழா வேலையில் இந்தப் பக்கம் வர முடியவில்லை.

பாட்டு: டிஸ்ப்யூட் போட்ட இருபத்து மூன்றாம் நாள் மெயில் வந்தது. க்ளெய்ம் விலக்கிக்கொள்ளப்பட்டது. விளக்கம், வருத்தம் எதுவும் இல்லை. ஒரே வரிதான். பிள்ளைகளிடம் போனைக் காட்டினேன். "அப்போ இனிமே நாங்க பாடினா கடன் விளம்பரம் வராதா டீச்சர்?" என்று கேட்டார்கள். வராது என்றேன். ஹெச்.எம். அந்த மெயிலை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, அடுத்த வருஷம் வேற பாட்டும் சேர்த்துப் போடுங்க" என்றார். பெரிய விஷயம்.

நாடகம்: நடக்கவில்லை. வக்கீல் சார் சொன்னபடி, ஆட்சேபத்தை எழுத்தில் தரச் சொல்லி ஹெச்.எம். கேட்டார். ஆட்சேபித்தவர் தரவில்லை. ஆனால் அதற்கடுத்த நாளே இன்னும் மூன்று பேரை அழைத்துக்கொண்டு வந்தார், பேசினார், போனார். கடைசியில் ஆண்டு விழா மேடையில் வேண்டாம், வகுப்பறையில் அந்த வகுப்புப் பெற்றோருக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று முடிவானது. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போட்டோம். முப்பது பேர் பார்த்தார்கள். டீக்கடைக்காரராக நடித்த பிள்ளை டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தபோது, ஓர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதை நான் பார்த்துவிட்டேன். இருநூறு பேர் பார்த்திருக்க வேண்டிய நாடகம். எனக்கு ஆறவில்லை. தமிழ் ஐயா என்னைவிட அமைதியாகிவிட்டார், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்பது மட்டும்தான் நிம்மதி.

கொட்டகை

டீச்சர், எங்கள் குழுவுக்கு மதுரையில் ஒத்திகைக் கூடம் இருக்கிறது. நூற்றைம்பது பேர் தரையில் உட்காரலாம். மார்ச் கடைசி ஞாயிறு காலி. பிள்ளைகளின் பெற்றோர் சம்மதித்தால் அழைத்து வாருங்கள். வேனுக்கு டீசல் நாங்கள் போடுகிறோம், மதியச் சாப்பாடும் எங்களுடையது. எழுதியவர்கள் என்று தமிழ் ஐயா பெயரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெயரும் நோட்டீஸில் வரும்.

தாமிரபரணிக் கரை

பெற்றோரிடம் இன்று சாயங்காலமே கேட்கிறேன் அண்ணா. பதினான்கு பிள்ளைகள். தமிழ் ஐயாவையும் நானே இழுத்துக்கொண்டு வருகிறேன். டம்ளர் இரண்டு விதமும் எங்களிடமே இருக்கிறது. பெஞ்சு ஒன்று மட்டும் அங்கே கிடைக்குமா?

கொட்டகை

கிடைக்கும். நீளமானதா, குட்டையானதா?